மூடி வைத்த சுதந்தரம்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நமது சபையின் மூப்பர் ஒருவர் என் கைகளைக் கவனித்தார். நகக்கண்களில் கிரீஸ் கறுப்பாகப் படிந்திருந்தது. சனிக்கிழமை இரவு சோப்புப் போட்டுத் தேய்த்தும் அது முழுவதும் போகவில்லை. அந்தக் கைகளால்தான் அன்று திருவிருந்தின் அப்பத்தையும் பகிர்ந்திருந்தேன். அவர் மரியாதை தெரிந்தவர், நேராகக் கேட்கவில்லை. "பாஸ்டருக்கு இப்போ வண்டி வேலை அதிகம் போல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

அவர் கேட்காமல் விட்ட கேள்வியை உங்களில் பலரும் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்பதை அறிவேன். தகப்பனார் விட்டுச் சென்ற ஒரு பழைய அம்பாசடர் காருக்காக ஒரு போதகர் இவ்வளவு நேரமும் பணமும் செலவிடுவது தகுமா? சைக்கிளிலும் பேருந்திலும் ஆலயத்துக்கு வருகிறவர்கள் நிறைந்த ஊரில் அது பெருமைக்கு வைத்துக்கொள்ளும் பொருள் ஆகாதா? இந்த வாரம் இதற்கே பதில் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பதிலுக்குள் நான் உங்களிடம் அறிக்கையிட வேண்டிய ஒரு தவறும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது 1972-ஆம் ஆண்டின் 'மார்க் 2' அம்பாசடர். என் தகப்பனார் பள்ளி ஆசிரியராக இருந்தபோது 1984-இல் அதை இரண்டாம் கையாக வாங்கினார். அந்நாள்வரை இந்தியாவில் ஒருவர் கார் வாங்க நினைத்தால் தெரிந்தெடுப்பதற்கு அதிகம் இருந்ததில்லை. மும்பையில் செய்யப்பட்ட பிரீமியர் பத்மினி, நமது சென்னைக்கு அருகே செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கார்கள், வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். புதிய வண்டி என்றால் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அம்பாசடர், இங்கிலாந்தின் 'மோரிஸ் ஆக்ஸ்போர்டு' என்னும் காரின் வடிவத்தைக் கொண்டு 1950-களின் இறுதியில் நம் நாட்டில் செய்யத் தொடங்கப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மே மாதம் உத்தரபாரா ஆலை நிற்கும்வரை, உருவத்தில் பெரிய மாறுதல் இல்லாமல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அது தயாரிக்கப்பட்டது. 2017-இல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சு நாட்டின் பெஜோ நிறுவனம் வாங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மண்ணில் வாழும் நமக்கு இந்தச் செய்தி ஒரு புன்னகையைத் தரலாம்.

பெரியவர்களுக்கு அந்த வண்டி நினைவிருக்கும். மடுகரையிலிருந்தும் பண்டசோழநல்லூரிலிருந்தும் இரவில் வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பிரசவ வலியோடு வந்த பெண்கள், பாம்பு கடித்தவர்கள், பூச்சிமருந்தைக் குடித்துவிட்டவர்கள் எனப் பலர் அதன் பின்னிருக்கையில் படுத்தபடி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். தகப்பனார் பெட்ரோலுக்குக் காசு கேட்டதில்லை. ஆனால் மறுநாள் காலை பள்ளிக்குப் புறப்படுமுன் பானெட்டைத் திறந்து, எண்ணெய்க் கோலை உருவித் துடைத்து, மறுபடியும் விட்டுப் பார்ப்பதை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். "வண்டி எங்கே ஓடிவிடப் போகிறது?" என்போம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்த மறுவாரம் நாங்கள் மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்து பேசினோம். சென்னையில் இருக்கும் தம்பி, "எடுத்து ஓட்ட ஆள் இல்லை, விற்றுவிடலாம்" என்றான். பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் வந்து எடைக்கு விலை சொன்னார். நான் கொதித்துப் போனேன். "அப்பாவை எடைக்குப் போடுகிறாயா?" என்று கேட்டேன். அந்தச் சொல் அவனை எவ்வளவு காயப்படுத்தியது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. ஆறு மாதம் அவன் என்னோடு பேசவில்லை.

வண்டியை நான் வைத்துக்கொண்டேன். எப்படி வைத்துக்கொண்டேன்? புதிய தார்ப்பாய் ஒன்றை வாங்கிப் போர்த்தி, நான்கு மூலைகளிலும் கயிற்றால் கட்டினேன். அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகள் அந்தக் கயிற்றை அவிழ்க்கவில்லை.

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாகூரிலிருந்து வந்திருந்த என் தங்கை கொட்டகைக்குப் போய் வந்து, "அண்ணா, மூடி வச்சிருக்கிறதுக்குப் பேரு பாதுகாக்கிறதா?" என்றாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தார்ப்பாயை விலக்கினேன். நான்கு டயர்களும் காற்றிழந்து, தரையில் பதிந்த இடத்தில் தட்டையாகி இருந்தன. எலிகள் ஒயர்களைக் கடித்திருந்தன. கதவுக்குக் கீழே உள்ள படித்தகடு, விரலால் அழுத்தினால் உதிரும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தது. தார்ப்பாய்க்குள் தங்கிய ஈரம்தான் அதற்குக் காரணம். மழையிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, நானே ஈரத்தை உள்ளே பூட்டி வைத்திருந்தேன்.

பிரியமானவர்களே, இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன்: ஒரு கார் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம். நின்ற வண்டியில் பெட்ரோல் பிசின்போல் இறுகிக் கார்பரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைக்கிறது. பேட்டரி தன் மின்சாரத்தைத் தானே இழக்கிறது. எண்ணெய் படாத ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கின்றன. யாரும் தொடாமல் இருந்ததே அதற்குப் போதுமான கேடாகிவிடுகிறது.

நமது ஆண்டவர் சொன்ன தாலந்து உவமையை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒரு தாலந்தைப் பெற்ற ஊழியக்காரன் திருடவில்லை; செலவழிக்கவும் இல்லை. பத்திரமாகப் புதைத்து வைத்து, வாங்கியதை வாங்கியபடியே திருப்பிக் கொடுத்தான். ஆயினும் எஜமான் அவனைக் கடிந்துகொண்டார். அவன் புதைத்தது பணம். அது மண்ணுக்குள்ளும் குறையாமல் கிடந்தது. நான் மூடி வைத்த தாலந்தோ முழுதாகத் திருப்பிக் கொடுக்கக்கூட முடியாதபடி தேய்ந்துகொண்டிருந்தது.

இனி அறிக்கையிட வேண்டியதைச் சொல்கிறேன்.

தங்கையின் சொல் சுட்டதால் வில்லியனூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். எழுபது வயதைத் தாண்டியவர். அம்பாசடரிலேயே தொழில் கற்றவர். நான் அவரைப் 'பாய்' என்றுதான் அழைப்பேன். அவர் இரண்டு நாள் உழைத்து, கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஒயர் மாற்றி, புதிய பேட்டரி வைத்து இன்ஜினை உயிர்ப்பித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கண்கள் கலங்கின. "பாஸ்டர் சார், பிரேக்கை நாலு சக்கரத்திலயும் பிரிச்சுப் பார்க்கணும். ரெண்டு வருஷம் நின்ன வண்டி" என்றார் அவர். "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் பாய்" என்றேன். பெடலை மிதித்துப் பார்த்தேன், பிடித்தது. அதுவே போதும் என்று நினைத்தேன். ஓட்டுநர் உரிமம் பெற்று இருபது ஆண்டுகள் ஆனவன். சபை வேனை ஓட்டிப் பழகியவன். இதில் கற்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் எனக்குள் இருந்தது.

அடுத்த வாரம், நமது சபையின் மூதாட்டி ஒருவரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். தம் மூத்த மகனின் பிரசவத்துக்கு அந்த வண்டியில்தான் போனார் என்பதால், அதிலேயே ஒருமுறை போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். கோர்க்காட்டுக்கு அருகே, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் எந்தத் தடையும் இல்லாமல் அடித்தகடுவரை இறங்கியது. மீண்டும் மீண்டும் மிதித்தேன், ஒன்றும் இல்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, இடப்பக்கம் திருப்பினேன். முன்சக்கரம் வயல் வரப்பில் இறங்கி வண்டி நின்றது.

யாருக்கும் காயமில்லை. அந்த அம்மா ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அவர் கை மட்டும் நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு, "ஒங்க அப்பா ஓட்டும்போது ஒருநாளும் இப்படி ஆனதில்ல ஐயா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார் என்று சபையில் சாட்சி சொன்னேன். அது உண்மைதான். ஆனால் ஆபத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். "பழைய வண்டி, என்ன செய்வது" என்று முடித்துக்கொண்டேன். வண்டியின் வயது அந்த ஆபத்தைக் கொண்டுவரவில்லை. என் அலட்சியம் கொண்டுவந்தது. எச்சரித்தவரின் சொல்லைத் தள்ளிவிட்டு, வயது முதிர்ந்த ஒரு தாயை உட்காரவைத்து ஓட்டினேன். அவரிடம் தனியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சபையாராகிய உங்களிடம் இப்போது கேட்கிறேன்.

பாய் பிரேக்கைப் பிரித்துக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேர்ந்த ஆயில் உள்ளே உள்ள இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. ஆகையால் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எங்கள் வண்டியின் பின்சக்கரச் சிலிண்டரில் ரப்பர் வாஷர் காய்ந்து கிழிந்து, ஆயில் முழுவதும் கசிந்திருந்தது. இக்காலக் கார்களில் பிரேக்குக்கு இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று பாதி பலத்தையாவது தரும். அந்தப் பழைய அம்பாசடரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வழிதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போகும். என் தகப்பனார் தினமும் பானெட்டைத் திறந்தது எதற்காக என்பதை அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அன்றுதான் அறிந்தேன்.

அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில், ஓய்வுநாளின் பிற்பகலில், பாயிடம் மாணவனாக உட்கார்ந்தேன். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தபோதுகூட நான் இவ்வளவு தடுமாறியதில்லை.

ஓட்டுவதையே மறுபடியும் கற்க வேண்டியிருந்தது. கியர்க் கம்பி தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருக்கிறது. முதல் கியருக்கு, பற்சக்கரங்களின் வேகத்தை இசைவாக்கும் அமைப்பு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் போட்டால் பற்கள் உரசிக் கத்தும். வண்டி முழுவதும் நின்ற பிறகு போட வேண்டும். அல்லது இரண்டு முறை கிளட்ச் மிதித்து, நடுவில் இன்ஜினின் வேகத்தைச் சரிசெய்து போடப் பழக வேண்டும். ஸ்டியரிங்குக்கு மின்விசை உதவி கிடையாது; நின்ற இடத்தில் திருப்பினால் தோள் வலிக்கும், மெல்ல உருளவிட்டுத் திருப்பினால் இலகுவாக வரும். காலைக் குளிரில் சோக்கை இழுத்து இன்ஜினை எழுப்பி, சூடேறியதும் அதை மறக்காமல் உள்ளே தள்ள வேண்டும். மறந்தால் பெட்ரோல் வீணாகும். பிளக்குகளில் கரி படியும்.

பராமரிப்பிலும் அப்படியே. முதல் நாளே என் மில்லிமீட்டர் ஸ்பேனர்களைப் பாய் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவில் ஆனவை. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது தேய்ந்து மாறினால் வண்டி திணறும். முன்சக்கர மூட்டுகளுக்குக் கிரீஸ் கன் வைத்து, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதியதைச் செலுத்த வேண்டும். என் நகக்கண்களில் மூப்பர் கண்டது இதுதான்.

எரிபொருளும் நம் தகப்பன்மார் காலத்தது அல்ல. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. மக்களின் நலத்துக்கு அது மிகவும் நல்லதே. ஆனால் பழைய இன்ஜின்களின் வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தைப் பாதுகாப்பாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. அவற்றை நெடுந்தூரம் மிகுந்த வேகத்தில் விரட்டக் கூடாது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம்வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களை இளக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே பெட்ரோல் செல்லும் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களாக மாற்றினோம். பெட்ரோலை டாங்கில் மாதக்கணக்கில் தேங்கவிடுவதும் இல்லை.

சட்டத்தின் பக்கமும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். ஏனெனில் உங்களில் சிலர் வீட்டில் இறந்துபோன தகப்பனாரின் பெயரிலேயே வண்டி நிற்கிறது. உரிமையாளர் இறந்தால், 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-இல், இறப்புச் சான்றோடு, பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் இதையும் தாமதித்தவன். அதற்கான அபராதத்தைக் கட்டியவன். காப்பீடும் புகைச் சான்றும் இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. நமது கொம்யூன்களில் சிறிது தூரம் போவதற்குள் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து மீண்டும் புதுவைக்குள் வருகிறோம். காகிதங்கள் சரியாக இருந்தால்தான் மனமும் அமைதியாக இருக்கும்.

பதினைந்து ஆண்டுகள் ஆனால் வண்டியை உடைத்தே தீரவேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். தில்லி போன்ற இடங்களுக்கு இருந்த தனிக் கட்டுப்பாடுகளை வைத்து வந்த எண்ணம் அது. நம் பகுதியில் சொந்த வண்டிக்குப் பதினைந்து ஆண்டுக்குப் பின், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, தகுதியைச் சோதித்துப் பதிவைப் புதுப்பிக்க வழி உண்டு. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, தன் அசல் உருவத்தில் இருக்கும் வண்டிகளுக்கென்று 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு தனி விதிகளையும் கொண்டுவந்தது. அப்படிப் 'பழம்பெரும் வாகனம்' என்று பதிந்தால், கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் எரிபொருள் நிரப்பவும் கொண்டுபோகலாம். அன்றாடப் பயணத்துக்கு அல்ல. நாங்கள் அதைத் தெரிந்தெடுக்காமல் வழக்கமான பதிவையே புதுப்பித்தோம். சோதனைக்குக் கொண்டுபோவதற்குமுன், துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதிய தகடு பற்றவைத்தோம்.

இப்போது மூப்பரின் கேள்விக்கு வருகிறேன். இது தகுமா?

எதிர்த்துச் சொல்லக்கூடியவை யாவும் நியாயமானவை. அந்த வண்டி இன்றைய வண்டியைவிட அதிகம் புகைவிடுகிறது. மோதலில் மனிதரைக் காக்கும் இக்கால அமைப்புகள் அதில் இல்லை. ஏழைகளுக்கு உதவக்கூடிய பணம் ஸ்பேனருக்குப் போகிறது. இவற்றை மறுக்க எனக்கு வழியில்லை. ஆகவே எல்லை வகுத்துக்கொண்டேன். மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் செலவில்லை. அதை நாங்கள் மூவரும் சமமாகப் பகிர்கிறோம், சபையின் பணத்தில் ஒரு காசும் இல்லை. வாரம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், உள்ளூர்ச் சாலைகளில் மட்டும் ஓட்டம். பிள்ளைகளை முன்னிருக்கையில் ஏற்றுவதில்லை. மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களுக்கு இப்போது ஆம்புலன்ஸ் இருக்கிறது; தகப்பனார் செய்ததை அந்த வண்டியைக் கொண்டே நானும் செய்ய வேண்டும் என்னும் வீண் ஆசையைக் கோர்க்காட்டு வயல் வரப்பிலேயே விட்டுவிட்டேன்.

இந்த எல்லைக்குள், தகும் என்றே சொல்கிறேன். காரணம் இதுதான். நம் வேதாகமத் தமிழில் முன்னோரிடமிருந்து வரும் உடைமைக்குச் 'சுதந்தரம்' என்று பெயர். அதைப் பெறுகிறவன் சுதந்தரவாளி. வெளியே உள்ளவர்கள் அதே சொல்லை விடுதலை என்ற பொருளில் வழங்குகிறார்கள். 1954-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக எழுந்து நின்ற நெட்டப்பாக்கத்தில் இரண்டு பொருளும் நமக்குத் தெரியும். விடுதலை கொடியேற்றிய அன்றோடு முடிந்துவிடவில்லை. அதன்பின் வந்தவர்கள் அதைக் காத்து நடத்தக் கற்க வேண்டியிருந்தது. உடைமையும் அப்படியே. பத்திரத்தில் பெயர் மாறும் நாளில் அது நம் கைக்கு வருகிறது. அதைப் பேணத் தெரிந்துகொள்ளும் நாளில்தான் நாம் அதற்குச் சுதந்தரவாளிகள் ஆகிறோம். அதுவரை நாம் வெறும் காவற்காரர். சில வேளை, என்னைப்போல, கவனமற்ற காவற்காரர்.

ஆகையால் என் கருத்தைத் தெளிவாகவே வைக்கிறேன். முன்னோர் விட்டுச் சென்றதை விற்பது பாவமல்ல. அதை வைத்துக்கொள்வது தானாகவே புண்ணியமும் அல்ல. பேணக் கற்றுக்கொள்கிறவர் வைத்துக்கொள்ளட்டும். கற்க நேரமோ மனமோ இல்லாதவர், அது கெடுவதற்கு முன்பே, பேணக்கூடியவர் கையில் கொடுத்துவிடட்டும். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரால் நடக்கும் கார் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. பழைய வண்டிகளை நேசித்து ஓட்டும் மனிதர்களும் இருக்கிறார்கள். இரண்டும் செய்யாமல், பாசம் என்ற பெயரில் தார்ப்பாய் போட்டு மூடுவதைத்தான் தவறு என்கிறேன். என் தம்பி அன்று விற்கச் சொன்னபோது அவன் தகப்பனாரை அவமதிக்கவில்லை. தன்னால் முடியாததை முடியாது என்று உண்மையாகச் சொன்னான். நானோ முடியும் என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அவனிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கேட்டுவிட்டு, "சரி விடு அண்ணா, டயருக்கு எவ்வளவு ஆச்சு?" என்று மட்டும் கேட்டான். மாதப் பங்கை அன்றிலிருந்து அவனும் அனுப்புகிறான்.

இன்னொன்று. என் தகப்பனார் ஓட்டக் கற்றுக்கொடுக்க முயன்றது ஆண்பிள்ளைகளாகிய எங்களுக்கு மட்டுமே. நாங்கள் இருவரும் கற்கவில்லை. தங்கைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் பின்னிருக்கையில் உட்கார்ந்தே அவள் வண்டியின் ஒலிகளை அறிந்திருந்தாள். சென்ற மாதம் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், "ஃபேன் பெல்ட் கத்துது அண்ணா" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்தபோது பெல்ட் தளர்ந்து, விளிம்பு பிரிந்திருந்தது. அறுந்திருந்தால் ரேடியேட்டர் கொதித்து, இன்ஜினே பழுதாகியிருக்கும். எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மோசேயின் முன்வந்து நின்ற செலொப்பியாத்தின் குமாரத்திகளை அன்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொன்னார். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட நாங்கள் இடம் கொடுத்ததில்லை. இப்போது திங்கட்கிழமைகளில் தங்கையின் மகளும் வந்து பாயிடம் பாடம் கேட்கிறாள். பாயிண்ட் இடைவெளி வைப்பதில் என்னைவிட அவள் கை நிதானமானது.

நாங்கள் மூவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம்: ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, பதிவைப் புதுப்பிக்கும் நேரத்தில், கூடிப் பேசுவோம். அன்று பேண ஆள் இருந்தால் வண்டி நம்மிடம் இருக்கும்; இல்லையென்றால், ஓடும் நிலையிலேயே தகுந்தவர் கையில் ஒப்படைப்போம். நாம் உக்கிராணக்காரர் மட்டுமே.

பிரியமானவர்களே, உங்கள் எல்லோர் வீட்டிலும் கார் இல்லை. ஆனால் தார்ப்பாய்க்கு அடியில் ஏதோ ஒன்று இருக்கக்கூடும். தகப்பனார் தோண்டிய கிணறு, தாயார் வைத்துவிட்டுப் போன தையல் இயந்திரம், யாரும் வாசித்தறியாத ஆர்மோனியம், பெயர் மாற்றாத பட்டா. அல்லது விற்பதா வைப்பதா என்ற வாக்குவாதத்தில் உடன்பிறந்தவரோடு நின்றுபோன பேச்சு. அவற்றில் சில ஓடாமல் நிற்பதாலேயே கெட்டுக்கொண்டிருக்கின்றன. இந்த வாரம் ஒரு கயிற்றையாவது அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே காண்பது வருத்தம் தரலாம், எனக்கும் தந்தது. தெரிந்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வெட்கப்படாதீர்கள். அவர் எச்சரித்தால், "அடுத்த மாதம்" என்று சொல்லாதீர்கள்.

மூப்பர் அவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முன்னால் மண்ணெண்ணெய் தொட்டுக் கைகளை நன்றாகக் கழுவிவிடுவேன். ஆனால் பாயிடம் போவதை நிறுத்தமாட்டேன். ஒரு திங்கட்கிழமை நீங்களும் வாருங்கள், தேநீர் உண்டு.

பரம பிதாவே, எங்கள் முன்னோர் மூலமாய் நீர் எங்கள் கையில் ஒப்புவித்தவைகளுக்காக நன்றி செலுத்துகிறோம். அவற்றைப் பேணக் கற்றுக்கொள்ளும் பொறுமையையும், பேண முடியாதபோது விட்டுக்கொடுக்கும் தாழ்மையையும், செய்த தவறை ஒப்புக்கொள்ளும் தைரியத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்
நெட்டப்பாக்கம்